விழ மறுக்கும் டிராப் டார்கெட்: பழைய பின்பால் மெஷினில் நான் சரிசெய்த விதம்

பின்பால் என்பது சாய்ந்த பலகையில் பந்தை உருட்டி, இலக்குகளில் மோதவிட்டுப் புள்ளி சேர்க்கும் ஆட்டம். அதில் பந்து பட்டதும் பலகைக்குக் கீழே இறங்கிவிடும் இலக்குதான் டிராப் டார்கெட். பந்து நேராகப் போய் மோதுகிறது, 'டொக்' என்று சத்தமும் கேட்கிறது, ஆனால் டார்கெட் நின்ற இடத்திலேயே நிற்கிறது. என்னிடம் இருப்பது காட்லீப் நிறுவனம் 1976-இல் வெளியிட்ட ராயல் ஃப்ளஷ் மெஷின். சீட்டுக்கட்டுப் படம் போட்ட 9 டிராப் டார்கெட்டுகள் அதில் சாய்வாக வரிசைகட்டி நிற்கும். ஒன்று அடம்பிடித்தாலும் வரிசையை முழுசாக வீழ்த்த முடியாது. அந்த ஒன்றோடு மூன்று வாரம் போராடினேன். முதல்முறை திறப்பவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். டார்கெட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்னப் படி இருக்கும். அது ஓர் உலோக விளிம்பின்மேல் உட்கார்ந்திருக்கும். ஸ்பிரிங் அதை எந்நேரமும் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். பந்து பட்டதும் டார்கெட் லேசாகப் பின்னால் போகும், படி விளிம்பை விட்டு நழுவும், ஸ்பிரிங் கீழே இழுத்துவிடும். எல்லாம் விழுந்தபின் ஒரு காயில் (மின்காந்தச் சுருள்) சட்டத்தைத் தூக்கி அவற்றை மறுபடி நிமிர்த்தும். 1962-இல் வில்லியம்ஸ் நிறுவனத்தின் வேகபாண்ட் மெஷினில் வந்த உத்தி இது.

சரி, வேலையைத் தொடங்கலாம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். அமெரிக்க மெஷின் என்றால் பெட்டிக்குள் 120 வோல்ட் வருகிறது. கண்ணாடியை எடுத்து, பந்தையும் எடுத்துவிட்டு, பலகையைத் தூக்கி முட்டுக்கொடுங்கள். எதையும் கழற்றும் முன் நாலு கோணத்தில் போட்டோ எடுங்கள்.

அப்புறம் பந்து படும் இடத்தில் ஒவ்வொரு டார்கெட்டையும் விரலால் தள்ளிப் பாருங்கள். நன்றாக விழும் பக்கத்து டார்கெட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விரலிலேயே தெரியும். மெதுவாக வழுக்கி இறங்கினால் அழுக்கு. பாதியில் நின்றால், நிமிர்த்தும் சட்டம் முழுசாகக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். காயிலுக்குள் நகரும் உலோகத் தண்டு (பிளன்ஜர்) இறுகினால் சட்டம் மேலேயே தங்கி டார்கெட்டைத் தாங்கிக்கொள்ளும்.

நான் மாட்டிக்கொண்டது மூன்றாவது வகையில். விரலுக்கு விழுகிறது, பந்துக்கு விழவில்லை. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி அதை மாற்றினேன், பலனில்லை. எண்ணெய் ஸ்பிரே அடித்தேன். பத்து நாள் அருமையாக விழுந்தது. பிறகு தூசியும் எண்ணெயும் சேர்ந்து கரும்பசையாகி, பக்கத்து டார்கெட்டுகளும் ஒட்ட ஆரம்பித்தன. தயவுசெய்து இந்த இடத்தில் எண்ணெய் விடாதீர்கள். சுவிட்சுகளில் பொறி பறக்கும் மெஷின் இது. எரியக்கூடிய ஸ்பிரேயை உள்ளே அடிப்பது ஆபத்தும்கூட.

காரணம் அந்தச் சின்னப் படியில் இருந்தது. டார்கெட்டை வெளியே எடுத்து டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது படியின் அடியில் நகக்கீறல் போல ஒரு பள்ளம் தெரிந்தது. பல வருடம் ஒரே விளிம்பில் உட்கார்ந்து பிளாஸ்டிக் தேய்ந்திருக்கிறது. உலோக விளிம்பு அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. விரல் பொறுமையாகத் தள்ளுவதால் அதைத் தாண்டிவிடுகிறது. பந்தின் அடியோ ஒரு நொடிக்கும் குறைவு, நழுவுவதற்குள் டார்கெட் முன்னால் திரும்பிவிடுகிறது.

இதற்கு நைஸான தட்டை அரம் போதும். படியின் அடிப்பக்கத்தை மட்டமாக, இரண்டு மூன்று இழுப்பு மட்டும் தேயுங்கள். படியின் மூலை மழுங்கவே கூடாது. மழுங்கினால் மற்ற டார்கெட் விழும் அதிர்வுக்கே இதுவும் விழும். பள்ளம் ஆழமாக இருந்தால் தேய்க்காமல் புது டார்கெட் வாங்கிவிடுவதே நல்லது. உலோக விளிம்பிலும் விரலை ஓட்டுங்கள். பிசிறு தட்டுப்பட்டால் 600 நம்பர் உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள்.

துடைக்க ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சுக்குச்சியும்தான் என் தேர்வு. குச்சி கருப்பாக வரும்வரை துடைத்து, நன்றாக உலரவிட்டுப் பூட்டுங்கள். ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்க வேண்டாம். இழுவை கூடினால், நிமிர்த்தும் காயில் திணறும்.

பின்சேர்க்கை: இதைச் செய்துபார்த்த ஒரு வாசகருக்கு டார்கெட் விழுந்தும் புள்ளி ஏறவில்லை. கழற்றும்போது பின்னாலுள்ள சுவிட்ச் தகடு வளைந்திருக்கிறது. முதலில் தகடுகளைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். பிறகு தகட்டை அதன் அடிப்பக்கத்தில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள். நுனியைப் பிடித்து வளைத்தால் முனைகள் நேருக்கு நேர் தொடாது. அவருக்கு இதிலேயே சரியாகிவிட்டது.