'தி லயன் கிங்' (1994) வீடியோ கேம்: முதன்முறை ஆடுவோருக்கான செய்முறை விளக்கம்

டிஸ்னியின் 'தி லயன் கிங்' அனிமேஷன் படம் 1994 ஜூனில் வெளிவந்தது. அதே ஆண்டு முடிவதற்குள், வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் உருவாக்கி விர்ஜின் வெளியிட்ட வீடியோ கேமும் அதே பெயரில் வந்துவிட்டது. மதுரையில் கம்ப்யூட்டர் சென்டர்களுக்கு மணிக்கணக்கில் காசு கொடுத்து இதை ஆடியவர்களைக் கேட்டால், குரங்குகள் வரும் இரண்டாவது கட்டத்தோடு விட்டுவிட்டதாகத்தான் பலரும் சொல்வார்கள். மொத்தம் பத்துக் கட்டங்கள் கொண்ட இந்த விளையாட்டில் வேகமான விரல்களைவிடப் பொறுமையாகப் பார்க்கும் கண்களே அதிகம் தேவைப்படுகின்றன என்பது என் கருத்து. ஆகவே இந்த விளக்கத்தில் எந்த இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கே முதலிடம் தந்திருக்கிறேன்.

முதல் படி: விளையாட்டைத் தயார் செய்தல்

இதன் டாஸ் (பழைய கணினி இயங்குதளம்) பதிப்பு 2016இல் ஜிஓஜி இணையக் கடையில் விற்பனைக்கு வந்தது. டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளின் துணையோடு இக்காலக் கணினிகளில் அது இயங்கும். புதிய கணினி வாங்க வேண்டியதில்லை. தமிழக அரசு 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி வீட்டுப் பரணில் கிடந்தால், அதுவே தாராளமாகப் போதும். 2019இல் 'அலாதீன்' விளையாட்டோடு சேர்த்து வெளியிடப்பட்ட தொகுப்பில் பழைய கன்சோல் (தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவி) பதிப்புகள் உள்ளன. தவறிவிட்டால் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டிச் சரிசெய்துகொள்ளும் வசதி அதில் இருப்பதால், சிறுவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

தொடங்கியவுடன் ஆட்டத்திற்குள் பாயாமல், அமைப்புகள் பகுதிக்குச் சென்று எளிய நிலையைத் தேர்ந்தெடுங்கள். தாவுதல், உருளுதல், கர்ஜித்தல் ஆகியவற்றுக்கு எந்த விசைகள் என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: முதல் கட்டத்தைப் பயிற்சிக் களமாகக் கொள்ளுதல்

திரையில் இரண்டு அளவுகோல்கள் தெரியும். ஒன்று, நாம் ஆட்டுவிக்கும் கதாநாயகனான சிங்கக்குட்டி சிம்பாவின் உடல்வலுவைக் காட்டும். மற்றொன்று கர்ஜனையின் வலுவைக் காட்டும். கர்ஜனை அளவுகோல் நிரம்புவதற்குள் அவசரப்பட்டுக் கர்ஜித்தால் குட்டிச் சிங்கத்தின் குரல் எடுபடாது. வழியில் கிடைக்கும் பூச்சிகளைத் தின்பது உதவும் என்பதால், அவற்றைத் தாண்டிச் செல்லாதீர்கள்.

குட்டி சிம்பாவுக்கு எதிரிகளின் மேல் தாவி விழுவதுதான் முதன்மையான தாக்குதல். முள்ளம்பன்றிக்கு மட்டும் அது செல்லாது. முதலில் உருண்டு சென்று மோதி அதை மல்லாக்கத் தள்ளிவிட்டு, பிறகு வயிற்றின் மேல் தாவ வேண்டும். கட்டத்தின் முடிவில் வரும் கழுதைப்புலியை எடுத்த எடுப்பில் தாக்குவதால் பயனில்லை. அது பாயும்போதெல்லாம் விலகிக்கொண்டே இருந்தால், களைத்துப்போய் நின்று மூச்சு வாங்கும். அப்போது மேலே தாவுங்கள். எதிரியைக் களைக்க வைத்து அடிக்கும் இந்த முறை கடைசிக் கட்டம் வரை கைகொடுக்கும்.

மூன்றாம் படி: குரங்குகளைக் கடத்தல்

இரண்டாம் கட்டத்தில் தடுமாறினால் உங்களைக் குறைசொல்லிக்கொள்ள வேண்டாம். கடைகளில் விளையாட்டை வாடகைக்கு எடுத்தவர்கள் ஓரிரு நாளில் ஆடி முடித்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டம் கடினமாக்கப்பட்டது என்று வெஸ்ட்வுட்டின் இணை நிறுவனர் லூயி காசில் பின்னாளில் கூறியிருக்கிறார்.

நீர்யானையின் வாலைப் பிடித்துத் தொங்குவதும் ஒட்டகச்சிவிங்கிகளின் தலைமேல் தாவுவதும் சற்றுப் பழகினால் வந்துவிடும். சிக்கல், மரங்களில் நிற்கும் குரங்குகளிடம்தான். அவை சிம்பாவைப் பிடித்து, தாம் பார்த்துக்கொண்டிருக்கும் திசையில் வீசிவிடும். இளஞ்சிவப்புக் குரங்கின் அருகில் நின்று கர்ஜித்தால் அது மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது, "மாமா, இந்தக் குரங்கு வேணும்னே என்னைத் திரும்பத் திரும்பக் கீழேயே வீசுது" என்று விசைப்பலகையைத் தள்ளிவைத்துவிட்டான். ஒரு தாளை எடுத்து, போய்ச் சேர வேண்டிய மேட்டை முதலில் வரையச் சொன்னேன். அந்த மேட்டுக்கு வீசக்கூடிய குரங்கு எது, அந்தக் குரங்கிடம் நம்மை அனுப்பக்கூடிய குரங்கு எது என்று முடிவிலிருந்து தொடக்கம் வரை அம்புக்குறி போட்டு வந்தால், எந்தெந்தக் குரங்கைத் திருப்ப வேண்டும் என்பது தாளிலேயே தெரிந்துவிடும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இணையத்தில் கிடைக்கும் விடையை மனப்பாடம் செய்வதைவிட இது விரைவானது.

இதே கட்டத்தில் வரும் நெருப்புக்கோழிச் சவாரியில் காண்டாமிருகங்களைத் தாண்டவும், மேலே வரும் தடைகளுக்குக் குனியவும் வேண்டும். ஒரே தாவலில் கடக்க முடியாத இடத்தில், காற்றில் இருக்கும்போதே இன்னொரு முறை தாவுவதற்கான விசையை அழுத்துங்கள்.

நான்காம் படி: நடுக் கட்டங்கள்

மூன்றாவதான யானைகளின் இடுகாட்டில் புதிதாகக் கற்க அதிகமில்லை. கழுதைப்புலிகளை ஏற்கெனவே சொன்ன முறையில் களைக்க வைத்தால் போதும். நான்காம் கட்டத்தில் பார்வைக் கோணமே மாறிவிடும். சிம்பா நம்மை நோக்கி ஓடிவர, அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வில்டபீஸ்ட் (மாடு போன்ற ஆப்பிரிக்க மான்) மந்தை பாய்ந்து வரும். அலங்காநல்லூரில் வாடிவாசலைப் பார்த்து நிற்பவருக்குக் காளை வெளிவருவதாவது கண்ணுக்குத் தெரியும். சிம்பாவுக்கு அந்த வசதி இல்லை. அவனுக்குப் பதிலாக நீங்கள்தான் திரையின் மேற்பகுதியைப் பார்த்து மந்தைக்கு விலக வேண்டும், கீழ்ப்பகுதியைப் பார்த்துப் பாறைகளைத் தாண்ட வேண்டும். சிம்பாவையே பார்த்துக்கொண்டிருந்தால் அடிபடுவது உறுதி.

ஐந்தாம் கட்டத்தில் உருண்டு வரும் பாறையிடமிருந்து ஓடும் இடத்தைத் தவிர அச்சப்பட ஒன்றுமில்லை. ஆறாவதில், அருவியோடு விழும் மரக்கட்டைகளின் மேல் தாவித் தாவி ஏற வேண்டும். ஒரு கட்டையில் கால் பட்டவுடன் அடுத்ததற்குத் தாவிவிடுங்கள். நின்று யோசித்தால் கட்டையோடு சேர்ந்து கீழே போக வேண்டியதுதான்.

ஐந்தாம் படி: வளர்ந்த சிங்கம்

ஏழாம் கட்டத்திலிருந்து சிம்பா பிடரி மயிரோடு வளர்ந்துவிடுகிறான். தாவி விழும் பழக்கத்தை இங்கே கைவிட்டு, நகத்தால் கீறுவதையும் எதிரியைப் பிடித்துத் தூக்கி வீசுவதையும் பழகுங்கள். வீசுவதற்கு எதிரியை மிக நெருங்கி நிற்க வேண்டும். முதலில் எதிர்ப்படும் எளிய எதிரிகளிடமே இதைப் பலமுறை செய்து கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். எரிமலைக் குழம்பு வரும் எட்டாம் கட்டத்திலும், குகை வழிகள் பின்னிக்கிடக்கும் ஒன்பதாம் கட்டத்திலும் வழியைக் குறித்துக்கொள்ள, குரங்குகளுக்கு எடுத்த அதே தாள் உதவும்.

பத்தாவதாக, சிங்கக் கூட்டத்தின் இருப்பிடமான பிரைட் ராக் பாறையில் கதையின் வில்லன் ஸ்கார் காத்திருக்கிறான். கீறிக் கீறிக் களைக்க வைத்தால் அவன் விலகி வேறிடம் சென்று மீண்டும் எதிர்ப்பான். இறுதியாக உச்சிப் பாறையில் நிற்கும்போது எத்தனை முறை கீறினாலும் சண்டை முடியாது. அவன் களைத்து நிற்கும் நேரம் பார்த்து, விளிம்புக்கு அருகில் பிடித்து அப்பால் வீசினால்தான் ஆட்டம் முடியும்.