ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் அசையவில்லை: பழைய அம்பாசடரில் கோளாறு எங்கே என்று பார்ப்பது எப்படி

ஒரு நாள் சாவியைத் திருகியதும் புறப்படும். மறுநாள் காலை 'கிர்ர்ர்' என்று கத்தி பெங்களூர் அல்சூரில் எங்கள் சந்து முழுவதையும் எழுப்பிவிடும். என்ஜின் மட்டும் எழாது. என் 1978 மார்க் 3 அம்பாசடர் நான்கு மாதம் இப்படித்தான் என்னைப் படுத்தியது. மெக்கானிக் பேச்சைக் கேட்டுப் புது பேட்டரி வாங்கினேன். பிறகு ஸ்டார்ட்டரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினேன். இரண்டும் தண்டச் செலவு. கோளாறு இருந்தது ஃப்ளைவீலை, அதாவது என்ஜினின் பின்னால் சுழலும் கனமான சக்கரத்தை, சுற்றியுள்ள ரிங் கியர் என்ற பல் வளையத்தில். அதைக் கண்டுபிடிக்க ஒரு சாக்பீஸ் போதுமாக இருந்தது.

படி 1: காது

நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு அண்டைக் கல். காயிலுக்கு வரும் சன்னமான இக்னிஷன் வயரைக் கழற்றிவிடுங்கள்; இல்லாவிட்டால் சோதனையின் நடுவே என்ஜின் கிளம்பிவிடும். வேறொருவரைச் சாவி திருகச் சொல்லிவிட்டு பானெட் அருகே நின்று கேளுங்கள்.

'டக டக டக' என்று அடித்துக்கொண்டால் பேட்டரி அல்லது அதன் முனைகள். ஒரே ஒரு 'டக்' என்றால் சோலனாய்டு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் அனுப்பும் மின்காந்த ஸ்விட்ச்), கேபிள், அல்லது ரிங் கியர் பல்லில் சிக்கிக்கொண்ட பினியன் (ஸ்டார்ட்டரின் சின்னப் பல்சக்கரம்). மோட்டார் 'வீய்ங்' என்று தனியாகச் சுற்றினால் பினியன் ரிங் கியரைப் போய்ப் பிடிக்கவில்லை. பல்லை நறநறவென்று கடிப்பது போல் கேட்டால் நேராகப் படி 4-க்குப் போங்கள்.

படி 2: வோல்ட்

சும்மா நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். என்ஜினைச் சுழற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் கொம்பிலும் மறுமுனையை ஸ்டார்ட்டரின் தடித்த கேபிள் முனையிலும் வைத்துச் சாவியைத் திருகச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ மின்சாரம் வீணாகிறது. இதேபோல் நெகட்டிவ் கொம்புக்கும் என்ஜின் உடலுக்கும் இடையே அளந்தால் 0.2 அல்லது 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. கிளாம்ப்பில் வைத்து அளக்காதீர்கள். ஈயக் கொம்பிலேயே வையுங்கள். இந்த வேலைக்கு எனக்கு முள் வைத்த பழைய மீட்டர்தான் பிடிக்கும். டிஜிட்டல் மீட்டரில் இலக்கங்கள் தாவிக்கொண்டே இருக்கும். முள் சரிவதைக் கண் உடனே பிடித்துவிடும்.

படி 3: பெண்டிக்ஸ்

பேட்டரியில் பாடியோடு இணைந்த எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். பிறகு ஸ்டார்ட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகள். இவை அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பானரைத் திணித்தால் போல்ட் தலை உருண்டுவிடும். அட்ஜஸ்டபிள் ஸ்பானரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

என் வண்டியில் இருப்பது பழைய பாணி ஸ்டார்ட்டர். மோட்டார் வேகமாகச் சுழலும்போது பினியன் திருகுமரையின் மேல் தானாக நகர்ந்து போய் ரிங் கியரைப் பிடிக்கும்; இந்த அமைப்புதான் பெண்டிக்ஸ். மரையில் பிசின் போல் அழுக்கு ஏறியிருந்தால் நகராது. மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துங்கள். கிரீஸ் மட்டும் பூசவே பூசாதீர்கள். கிளட்ச் தூசி முழுவதும் அதில்தான் வந்து ஒட்டும்.

படி 4: ரிங் கியர்

நான் ஏமாந்த இடம் இதுதான். ஸ்டார்ட்டர் கழன்ற துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பற்கள் புதிது போல் இருந்தன. "ரிங் நன்றாக இருக்கிறது" என்று அறிவித்துவிட்டு மூடினேன். ஆனால் அந்தத் துளையில் தெரிவது வட்டத்தின் ஒரு துண்டுதான்.

நான்கு சிலிண்டர் என்ஜினை அணைத்ததும் அது கண்ட இடத்தில் நிற்பதில்லை. ஒரு பிஸ்டன் காற்றை அழுத்த முயன்று முடியாமல் போகும் இடத்தில்தான் பெரும்பாலும் நிற்கும். அப்படிப்பட்ட இடங்கள் ஒரு சுற்றில் இரண்டு, எதிரெதிரே. ஆகவே பினியன் வந்து மோதுவதும் எப்போதும் அந்த இரண்டு இடங்களில்தான், தேய்வதும் அங்கேதான். நான் பார்த்த அன்று, வண்டியைக் கிளப்புவதற்காக டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் உலுக்கியிருந்தேன். தேய்ந்த பகுதி நகர்ந்து, நல்ல பற்கள் துளைக்கு நேரே வந்து நின்றுவிட்டன. உலுக்கினால் கிளம்புகிறது என்பதே பெரிய துப்பு. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எனவே நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். தெரியும் பல்லில் சாக்பீஸால் கோடு போடுங்கள். முன்பக்க ஹேண்டிலால் என்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, அந்தக் கோடு திரும்பி வரும் வரை ஒவ்வொரு பல்லையும் பாருங்கள். ஹேண்டில் இல்லாதவர்கள் டாப் கியரில் வண்டியை மெல்லத் தள்ளலாம். என் வண்டியில் ஓரிடத்தில் ஏழு பற்கள் பாதியாகியிருந்தன, நேரெதிரே ஐந்து. பினியன் பற்களையும் அப்போதே பாருங்கள். அவை சிதைந்திருந்தால் புது ரிங்கையும் தின்றுவிடும்.

பழுது பார்க்க கியர் பாக்ஸ் இறங்கியாக வேண்டும். புது ரிங்கைச் சூடாக்கி ஃப்ளைவீலில் இறக்குவார்கள். பட்டறையில் பக்கத்திலேயே நில்லுங்கள். சிவக்கக் காய்ச்சினால் பல்லின் பதம் போய்விடும். பற்களின் ஒரு பக்க முனை சரிவாகச் சீவியிருக்கும். அது எந்தப் பக்கம் என்று கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஜே.சி. ரோட்டில் புது ரிங் கிடைத்தது. கிடைக்காதவர்கள் பழைய ரிங்கையே கழற்றி 90 டிகிரி திருப்பிப் பொருத்தலாம். தேயாத பற்கள் பினியனுக்கு நேரே வரும். கியர் பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடுங்கள்.

பின்னர் சேர்த்தது 1: ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட பழைய கார் வைத்திருக்கும் ஒருவர், தன் வண்டியில் ஃப்ளைவீலையே காணவில்லை என்று எழுதினார். அதில் இருப்பது ஃப்ளெக்ஸ் பிளேட், மெல்லிய எஃகுத் தகடு. அதன் பற்களையும் இதே முறையில் பார்க்கலாம். கூடுதலாக, இந்தத் தகடு கிராங்க் ஷாஃப்ட்டோடு இணையும் போல்ட்டுகளைச் சுற்றி விரிசல் விடும். அப்போது வரும் 'டொக் டொக்' சத்தம் கனெக்டிங் ராட் போய்விட்டது போலவே இருக்கும். என்ஜினைப் பிரிக்க ஒப்புக்கொள்வதற்கு முன் கீழ் மூடியைக் கழற்றி, டார்க் கன்வெர்ட்டரை (ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சுக்குப் பதிலாக இருப்பது) பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

பின்னர் சேர்த்தது 2: ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிள் (கார்புரேட்டரின் சோக்கை இழுக்கும் கம்பி) ஏன் சுடுகிறது என்று இருவர் கேட்டார்கள். என்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டை அறுந்திருக்கும்; அதனால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் அந்தக் கம்பி வழியாகத் திரும்புகிறது. முதலில் பட்டையை மாற்றுங்கள். சோக் கேபிளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.