உப்புநீர்க் குளோரினேட்டரும் பம்பும்: வயரிங்கிலும் டைமரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீச்சல் குளத்தின் உப்புநீர்க் குளோரினேட்டரில், லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் வரை உப்பு கரைந்த நீர் செல் எனப்படும் மின்பகுப்புப் பகுதியின் டைட்டானியத் தகடுகளுக்கு இடையே பாயும்போது, மின்சாரம் அந்த உப்பிலிருந்து குளோரினைப் பிரித்தெடுக்கிறது. கூடவே ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகிறது. நீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்த வாயு சிறு குமிழிகளாகக் குளத்தை அடைந்து காற்றில் கலந்துவிடும். நீர் நின்றுபோய், செல்லுக்கு மின்சாரம் மட்டும் வந்துகொண்டிருந்தால், வாயு செல்லிலும் அதையொட்டிய குழாயிலும் சேரத் தொடங்கும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றக்கூடிய வாயு அது. செல்லின் உறை வெடித்துச் சிதற அது போதும். எனவே பம்பு ஓடாத நேரத்தில் குளோரினேட்டருக்கு மின்சாரமே போகக் கூடாது என்பதை முதல் விதியாகக் கொள்ள வேண்டும்.

இந்த விதியை மீறும் தவறுகளில் பரவலானது, பம்புக்கு ஒரு டைமர், குளோரினேட்டருக்குத் தனி பிளக் பாயின்டில் இன்னொரு டைமர் என்று வைப்பது. இரண்டிலும் காலை 8 மணி என்று ஒரே நேரத்தைக் குறித்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் பேட்டரி இல்லாத சுழல் டைமர் மின்வெட்டின்போது நின்றுவிடும். பேட்டரியுள்ள டிஜிட்டல் டைமர் தொடர்ந்து ஓடும். சில மின்வெட்டுகளிலேயே இரண்டும் மணிக்கணக்கில் விலகிவிடும். மூன்று ஃபேஸ் மோட்டாரில் இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. பட்டனை அழுத்தி, மோட்டாரை நேரடியாக மின்சாரத்தோடு இணைத்து ஓட்டும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர், மின்சாரம் போனதும் இணைப்பை விட்டுவிடும். மின்சாரம் திரும்பினாலும் யாராவது பச்சை பட்டனை அழுத்தும் வரை மோட்டார் ஓடாது. தனி பிளக்கில் இருக்கும் குளோரினேட்டரோ உடனே வேலை செய்யத் தொடங்கிவிடும். காவலாளி கவனிக்காத ஒரு பிற்பகல் முழுவதும் நின்ற நீரில் செல் இயங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

இதற்கான சரியான வழி எளிமையானது. ஒரு ஃபேஸ் பம்பாக இருந்தால், குளோரினேட்டரின் மின்சாரத்தைப் பம்பின் கான்டாக்டருக்கு (மோட்டாரின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்ச்) அடுத்துள்ள மோட்டார் பக்கத்திலிருந்து, அதற்குரிய சிறிய எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக எடுக்கலாம். மூன்று ஃபேஸ் பம்பாக இருந்தால், குளோரினேட்டரின் 230 வோல்ட் ஃபேஸ் வயரைக் கான்டாக்டரின் துணைத் தொடர்பு (கான்டாக்டரோடு சேர்ந்தே மூடித் திறக்கும் சிறு சுவிட்ச்) வழியாகக் கொண்டுசெல்ல வேண்டும். 13, 14 என்று எண்ணிட்ட முனைகள் பெரும்பாலும் பட்டனை விட்ட பிறகும் ஸ்டார்ட்டரைப் பிடித்து வைப்பதற்கே பயன்பட்டிருக்கும் என்பதால், கூடுதல் துணைத் தொடர்பு பிளாக் ஒன்றைப் பொருத்திக்கொள்வது நல்லது. அப்போது டைமர் நிறுத்தினாலும் மோட்டாரை அதிகச் சுமையிலிருந்து காக்கும் ஓவர்லோடு ரிலே துண்டித்தாலும் மின்சாரம் போனாலும் செல்லும் சேர்ந்தே நின்றுவிடும். அவசரத்தில் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே இணைத்துவிட்டால் 415 வோல்ட் பாய்ந்து கருவி எரிந்துபோகும்.

வேக மாற்றம் செய்யும் வி.எஃப்.டி. உள்ள பம்புகளுக்கு இந்த வழி பொருந்தாது. வி.எஃப்.டி.யின் உள்வரும் பக்கத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும்; வெளிவரும் பக்கத்து மின்சாரம் மோட்டாருக்கு மட்டுமே உரியது, அதில் குளோரினேட்டரை இணைக்கவே கூடாது. மோட்டார் ஓடுவதைக் காட்டும் ரிலே வி.எஃப்.டி.யிலேயே இருந்தால் அதன் வழியாகத்தான் குளோரினேட்டரைக் கட்டுப்படுத்த வேண்டும்.

நீர் ஓடினால் மட்டுமே செல்லை இயங்கவிடும் ஃப்ளோ சுவிட்ச் இருக்கும்போது இவையெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உப்புப் படிவால் அதன் இதழ் திறந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டால், நீர் ஓடுவதாகவே கருவி நம்பும். அதே நேரத்தில் ஃப்ளோ சுவிட்சைக் கழற்றிவிட்டு முனைகளைச் சேர்த்துக் கட்டுவதும் கடும் தவறு. வடிகட்டியைக் கழுவ நீரை எதிர்த்திசையில் செலுத்தும் பேக்வாஷ் செய்யும்போது பம்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் மல்டிபோர்ட் வால்வு நீரைக் கழிவுக் குழாய்க்குத் திருப்பிவிடுவதால் செல்லில் நீர் ஓடாது. அந்த நிலையில் மோட்டாரோடு கட்டிய இணைப்பு எதையும் தடுக்காது. ஃப்ளோ சுவிட்ச் மட்டுமே காக்கும். ஆகவே இரண்டு பாதுகாப்பும் வேண்டும், பேக்வாஷுக்கு முன் குளோரினேட்டரைக் கையால் அணைப்பதும் வேண்டும்.

டைமரின் தொடர்பு வழியாக மோட்டாரை நேரடியாக ஓட்டுவதும் தவறே. 16 ஆம்பியர் என்று டைமரில் அச்சிட்டிருப்பது பொதுவாக ஹீட்டர் போன்ற சுமைக்கான அளவு. மோட்டார் கிளம்பும் நொடியில் அதன் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கும்; தொடர்புகள் நாளடைவில் உருகி ஒட்டிக்கொள்ளும். டைமர் கான்டாக்டரின் காயிலை, அதாவது அதை மூடவைக்கும் மின்காந்தச் சுருளை, மட்டுமே இயக்க வேண்டும்.

எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்பதில், குளத்து நீர் ஒருமுறை வடிகட்டியைக் கடந்தால் போதும் என்று பலர் கணக்கிடுகிறார்கள். 60,000 லிட்டர் குளத்துக்கு மணிக்கு 10,000 லிட்டர் பம்பு என்றால் 6 மணி நேரம் என்பது அந்தக் கணக்கு. ஆனால் அந்தக் குளத்தில் 1 பி.பி.எம். (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) குளோரின் என்பது 60 கிராம். வெயில் காலத்தில் நாளுக்கு 3 பி.பி.எம். செலவானால் 180 கிராம் வேண்டும். மணிக்கு 20 கிராம் தரும் செல் அதற்கு 9 மணி நேரம் முழு அளவில் ஓட வேண்டும். டைமரின் நேரத்தைச் செல்லின் திறனே முடிவு செய்கிறது.

பம்பு அறையில் எம்.சி.பி. மட்டும் இருந்தால், உடலில் பாயும் கசிவு மின்சாரத்தை அது தடுக்காது. கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். குளோரினேட்டரின் ஃபேஸை ஆர்.சி.சி.பி.க்குப் பின்னிருந்தும், நியூட்ரலை அதற்கு முன்னிருந்தும் எடுத்துவிட்டால் ஆர்.சி.சி.பி. ஓயாமல் விழும் (துண்டித்துக்கொள்ளும்). காரணத்தைத் தேடாமல் ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிடும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள், அவர்களை அனுமதிக்கக் கூடாது. நியூட்ரலை உரிய இடத்துக்கு மாற்றி, டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுகிறதா என்று பார்த்த பிறகே குளத்தில் யாரையும் இறங்கவிட வேண்டும்.