விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு: பட்டனை அழுத்தும் முன் ஒரு மாலை வேலை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அதற்காக உங்கள் கணினி நின்றுவிடாது. ஆனால் நீட்டிப்புக்குத் தனியாகப் பதிவு செய்யாதவர்களுக்கு, இனி தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். அதனால் 11-க்கு மாறுவது நல்லது. அப்டேட் பட்டனை அழுத்துவது ஒரு நொடி வேலைதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதற்குத்தான் ஒரு மாலை தேவைப்படும்.

1. கணினி தாங்குமா?

மைக்ரோசாஃப்ட் தளத்தில் 'பிசி ஹெல்த் செக்' என்ற சின்ன செயலி இலவசமாகக் கிடைக்கும். அதை ஓட்டினால் உங்கள் கணினிக்குத் தகுதி உண்டா, இல்லையா என்று சொல்லிவிடும். 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், செக்யூர் பூட் வசதி (கணினி எழும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடுவது), டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி) ஆகியவை வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. 4 ஜிபி என்பது காகிதக் கணக்கு. என்னைக் கேட்டால் 8 இல்லாமல் இறங்காதீர்கள்.

டிபிஎம் இல்லை என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். பல கணினிகளில் அது பயாஸில், அதாவது விண்டோஸ் எழும் முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டில் பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். ஆனால் மூன்றாவது படியை முடிக்காமல் பயாஸ் பக்கம் போகாதீர்கள். தகுதியே இல்லாத கணினியில் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றும் வீடியோக்கள் யூடியூபில் நிறைய உண்டு. புதியவர்களுக்கு அது வேண்டாத வேலை.

2. பேக்கப்

"டி டிரைவில் காப்பி போட்டுவிட்டேனே" என்பார்கள். பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள்தான். வீடு இடிந்தால் இரண்டும் போகும். வெளியே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். டாக்குமென்ட்ஸை யாரும் மறப்பதில்லை. டெஸ்க்டாப்பையும் டவுன்லோட்ஸையும்தான் மறப்பார்கள். எடுத்த பிறகு நாலைந்து படங்களையும் ஒரு வீடியோவையும் அந்த டிஸ்க்கிலிருந்தே திறந்து பாருங்கள். திறந்தால்தான் பேக்கப். பிறகு அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள்.

3. பிட்லாக்கர் சாவி

பெரும்பாலானோர் தாண்டிப்போகும் இடம் இது. பல லேப்டாப்களில் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் நமக்குத் தெரியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பெரிய அப்டேட்டோ பயாஸ் மாற்றமோ நடந்தால், சில சமயம் நீலத் திரை வந்து 48 இலக்கச் சாவியைக் கேட்கும். என் சித்தப்பாவின் லேப்டாப்பில் அப்படித்தான் ஆனது. சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் என்றேன். எந்தக் கணக்கு? வாங்கிய அன்று கடையில் யாரோ போட்டுக்கொடுத்த இமெயில். அதன் பாஸ்வேர்டைத் தேடியதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

ஆகவே, இப்போதே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் ரெக்கவரி கீ, அதாவது அந்த 48 இலக்கச் சாவி, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தாளில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைத்தால், பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டியது போலத்தான்.

4. கரண்ட், டேட்டா, இடம்

லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகியே வையுங்கள். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் இல்லையென்றால், கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள். பதிவிறக்கம் பல ஜிபி வரும், தினம் 1.5 ஜிபி தரும் மொபைல் பேக்கை நம்பி இறங்க வேண்டாம். சி டிரைவில் 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். பிரிண்டர், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

5. இப்போது அழுத்தலாம்

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குப் போனால், தகுதியுள்ள கணினிக்கு 11 தயார் என்று காட்டும். காட்டவில்லையென்றால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 'இன்ஸ்டாலேஷன் அசிஸ்டன்ட்' இறக்கி ஓட்டுங்கள். பிரவுசரில் குதிக்கும் விளம்பரத்திலிருந்து மட்டும் வேண்டாம்.

கணினி பல முறை அணைந்து எழும். சதவீதம் ஒரே எண்ணில் வெகுநேரம் நிற்கும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அரை நாள்கூட ஆகலாம். பவர் பட்டனைத் தொடாதீர்கள். எழுந்து போய் காபி போடுங்கள்.

6. பத்து நாள் அவகாசம்

பழைய விண்டோஸ் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டரில் பத்து நாள் இருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, 'கோ பேக்' என்று போனால் பழையபடி 10-க்கே திரும்பலாம். இடத்தை அடைக்கிறதே என்று அதை முதல் நாளே அழித்துவிடாதீர்கள். இந்தப் பத்து நாளுக்குள் பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள். தமிழ்த் தட்டச்சு வேலை செய்கிறதா, பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்கள் கட்டம் கட்டமாகத் தெரியாமல் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்றும் பாருங்கள். வெப்கேம், புளூடூத் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ஏதாவது மக்கர் செய்தால் முதலில் அந்தச் சாதனத்தைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் புதிய டிரைவர் (சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) தேடுங்கள். ஒன்பதாம் நாளும் சரியாகவில்லையென்றால் 'கோ பேக்' அழுத்துங்கள். அதற்கு முன்னால், இந்தச் சில நாளில் புதிதாகச் சேர்ந்த கோப்புகளை அலமாரியிலிருக்கும் டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.