சாகித்திய அகாதெமி விருது: ஒரு வரியில் எத்தனை பிழை!

பின்னட்டைக் குறிப்பு, அஞ்சலிக் கட்டுரை, கல்லூரி மலர் என்று எதைப் புரட்டினாலும் சாகித்திய அகாதெமி விருது பற்றி ஒரு வரி இருக்கும். பல சமயம் அந்த ஒரு வரிதான் தப்பாக இருக்கும். பாதிப் பிழைகளுக்கு வேர் ஒன்றே: விருது எழுத்தாளருக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். அது நூலுக்கு.

அதனால்தான் ஆளின் பெயரைக் கேட்டதும் அவருடைய புகழ்பெற்ற நாவலைப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறோம். கல்கிக்கு 1956இல் விருது கொடுத்தது 'அலை ஓசை'க்கு. 'பொன்னியின் செல்வ'னுக்கு அல்ல. தி. ஜானகிராமன் என்றால் 'மோகமுள்' என்று கை தானாக எழுதும். 1979இல் விருது பெற்றதோ 'சக்தி வைத்தியம்' என்ற சிறுகதைத் தொகுப்பு. அசோகமித்திரனுக்கும் அப்படித்தான்: 1996, 'அப்பாவின் சிநேகிதர்', சிறுகதைகள். பாரதிதாசனுக்குக் கவிதைக்காகக் கொடுக்கவில்லை, 'பிசிராந்தையார்' நாடகம். தமிழின் முதல் விருதே (1955) ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' என்ற கட்டுரை நூலுக்குப் போனது. ஆகவே ஆண்டு, நூல், வகை மூன்றையும் சேர்த்தே சரிபாருங்கள். வகையைப் பார்க்காமல் 'நாவலுக்காக' என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கிறது.

அடுத்தது வினைச்சொல். "1956இல் கல்கி விருதைப் பெற்றுக்கொண்டார்" என்று எழுத முடியாது. அவர் 1954 டிசம்பர் 5 அன்றே காலமாகிவிட்டார். அப்போது முதல் விருதுகூட வழங்கப்படவில்லை. பாரதிதாசன் மறைந்தது 1964, விருது 1969. சி.சு. செல்லப்பா 1998இல் மறைந்தார். 'சுதந்திர தாகம்' நாவலுக்கு விருது 2001இல். இவர்களுக்கெல்லாம் 'மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது' என்பதே சரி.

ஆண்டுக் குழப்பம் கொஞ்சம் நுணுக்கமானது. நூல் வந்த ஆண்டு, விருதின் ஆண்டு, விழா நடந்த ஆண்டு மூன்றும் வேறு. 2023ஆம் ஆண்டு விருதுக்கு 2017 முதல் 2021 வரை முதல் பதிப்பு கண்ட நூல்களே கணக்கில் வந்தன. இடையில் 2022 விடுபடுகிறது. விழாவோ அடுத்த ஆண்டில்தான். விழாப் படத்தில் உள்ள தேதியைப் பார்த்து எழுதினால் ஓர் ஆண்டு தள்ளிப்போகும்.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். அகாதெமி தொடங்கிவைக்கப்பட்டது 1954 மார்ச் 12. விருது 1955 முதல். அதற்காக ஆண்டுக்கு ஒன்று என்று கூட்டிவிடாதீர்கள். தமிழில் 1957, 1959, 1960, 1964, 1976 ஆகிய ஆண்டுகளில் விருதே இல்லை. மொழிகள் 24: அரசியலமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளோடு ஆங்கிலமும் ராஜஸ்தானியும். தொகை ஆரம்பத்தில் 5,000 ரூபாய். ஒரு லட்சம் ஆனது 2009இல்தான். பழைய விருதாளர் பற்றிய குறிப்பில் 'ஒரு லட்சம் ரூபாய் பரிசு' என்று போட்டால் சிரிப்பார்கள்.

ஞானபீடத்தை இதோடு கலப்பது பழைய வியாதி. அது பாரதிய ஞானபீடம் என்ற தனியார் அறக்கட்டளையின் விருது. அகிலனுக்கு இரண்டும் உண்டு என்பதால் அவர்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்: 'வேங்கையின் மைந்த'னுக்கு 1963இல் அகாதெமி, 'சித்திரப்பாவை'க்கு 1975ஆம் ஆண்டின் ஞானபீடம்.

அகாதெமிக்குள்ளேயே வேறு விருதுகளும் உண்டு. மொழிபெயர்ப்புப் பரிசு 1989 முதல், சிறுவர் இலக்கியத்துக்கான பால சாகித்திய புரஸ்கார் 2010 முதல், 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான யுவ புரஸ்கார் 2011 முதல். இவற்றில் ஒன்றைப் பெற்றவரை வெறுமனே 'சாகித்திய அகாதெமி விருதாளர்' என்று அட்டையில் அச்சிடும் பதிப்பாளர்கள் இருக்கிறார்கள். விற்பனைத் தந்திரம், எந்த விருது என்று முழுப்பெயரையும் போட இரண்டு சொல்தான் கூடுதலாகும்.