இரவு மாத்திரை படுத்துகிறதா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் சிகிச்சை தொடங்கி எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. தோலில் தடவ ஈஸ்ட்ரோஜன் ஜெல், இரவில் விழுங்கப் புரோஜெஸ்டிரான் மாத்திரை, இரண்டும் சேர்ந்தது அது. என்னுடன் காலை நடைக்கு வரும் பெண்களில் மூன்று பேர் இந்த ஆண்டு அதே சிகிச்சையைத் தொடங்கியிருக்கிறார்கள். நான் தடுக்கி விழுந்த அதே இடங்களில் அவர்களும் தடுக்குவதைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. மாத்திரையை மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரியும்.

பகலில் விழுங்குவது

புரோஜெஸ்டிரானை வாய்வழி எடுத்தால் கல்லீரல் அதில் ஒரு பகுதியை அல்லோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாற்றுகிறது. மூளையை அமைதிப்படுத்தும் பொருள் அது. கிறுகிறுப்பும் மந்தமும் அதனால்தான். முதல் வாரம் காலை இட்லியோடு விழுங்கிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். பத்து மணிக்குக் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உணவோடு சேர்ந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு கூடும் என்பதும் அப்போது தெரியாது. இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரமாவது கழித்து, படுக்கப் போகும்போது போடுங்கள். பகலில் படுத்திய அதே மந்தம் இரவில் தூக்கமாகிவிடும்.

மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெல்லை மட்டும் தொடர்வது

"ஜெல் போட்டதும் அனல் அடங்கிவிட்டது டீச்சர். அந்த இரவு மாத்திரைதான் வயிற்றை உப்ப வைக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. அதை விட்டுவிட்டேன்" என்றாள் தோழி ஒருத்தி. எனக்கு நடை நின்றுவிட்டது. யாரைக் கேட்டாய் என்றேன். கூடப்பிறந்த அக்கா ஜெல் மட்டும்தான் போடுகிறாராம். அந்த அக்காவுக்குக் கட்டிக்காகக் கருப்பையை எடுத்துப் பத்து வருடமாகிறது! கருப்பை இல்லாதவருக்குப் பொதுவாகப் புரோஜெஸ்டிரான் தேவையில்லை. இருப்பவருக்கு அதுதான் காவல்.

ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சவ்வை வளர்க்கும். புரோஜெஸ்டிரான் அந்த வளர்ச்சியை அடக்கும். ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் கருப்பைப் புற்றுநோய் கூடுகிறது என்று 1975-லேயே அமெரிக்க ஆய்வுகள் காட்டின. பின்னர் அங்கு நடந்த பெப்பி ஆய்வில், கருப்பை உள்ள பெண்கள் மூன்றாண்டுகள் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உட்சவ்வு கவலைக்குரிய வகையில் தடித்திருந்தது.

நானும் ஏழு மாதம் இப்படித்தான் இருந்தேன். மருந்துச் சீட்டு எழுதித் தந்த இடத்தில் எந்த மருந்து எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருநாள் ரத்தம் பட்டது. ஸ்கேனில் உட்சவ்வு 13 மில்லிமீட்டர். திசுவை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுப் பத்து நாள் காத்திருந்தேன். என் மகளிடம்கூடச் சொல்லவில்லை. வெறும் தடிப்புதான், புற்றுநோய் இல்லை என்று வந்தது. இன்றும் நினைத்தால் எரிகிறது, ஏனென்றால் மாற்று வழிகள் அன்றே இருந்தன. அதே கேப்சூலைப் பெண்ணுறுப்பின் வழியே வைக்கச் சொல்வார்கள். கல்லீரலைச் சுற்றாமல் போவதால் மந்தம் குறையும். எனக்கு அதுதான் ஒத்துவந்தது. தினமும் 100 மில்லிகிராம் என்பதை மாதம் 12 முதல் 14 நாள் 200 மில்லிகிராம் என்று சிலருக்கு மாற்றுவார்கள். புரோஜெஸ்டிரானின் வேலையையே செய்யும் டைட்ரோஜெஸ்டிரோன் என்ற வேறு மாத்திரை தரலாம். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அதே வகை ஹார்மோன் உள்ள சாதனத்தைக் கருப்பைக்குள் வைக்கலாம். எதையும் மருத்துவர் தீர்மானிக்கட்டும். ஆனால் "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்று நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

தோழியை மறுநாளே ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன்.

எல்லாப் புரோஜெஸ்டிரான் வகைகளையும் ஒன்றென்று நினைப்பது

ஹார்மோன் சிகிச்சையால் மார்பகப் புற்றுநோய் கூடும் என்று 2002-இல் உலகையே பயமுறுத்திய அமெரிக்க ஆய்வில் ஈஸ்ட்ரோஜனோடு கொடுக்கப்பட்டது மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை வகை. உங்கள் மாத்திரை அட்டையில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்று ஒத்துவராதவருக்கு இன்னொன்று ஒத்துவரலாம்.

தோலில் தடவும் புரோஜெஸ்டிரான் கிரீமை நம்புவது

கருப்பையைக் காக்கும் என்று அதை நம்ப முடியாது.

வேர்க்கடலை ஒவ்வாமையைச் சொல்லாமல் விடுவது

சில கேப்சூல்களுக்குள் இருப்பது கடலை எண்ணெய்.

முதல் வாரத்திலேயே தீர்ப்பு எழுதுவது

உப்புசமும் மார்பு கனப்பதும் பலருக்கு இரண்டு மூன்று மாதங்களில் தணியும். எந்த நாளில் என்ன படுத்தியது என்று நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மருத்துவரிடம் அந்தத் தாள் உங்களைவிடத் தெளிவாகப் பேசும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் முன்பே மனம் சோர்ந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள்.

ரத்தம் பட்டால் "பழகிவிடும்" என்று விடுவது

தினமும் மாத்திரை போடுபவர்களுக்கு முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் சிறிது படுவது உண்டு. அதற்குப் பிறகும் பட்டால், அதிகமானால், நின்றபின் திரும்ப வந்தால், அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.