.22 பிஸ்டலில் 'டிக்' சத்தம் மட்டும் வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏர் பிஸ்டலில் கை தேறியதும் 25 மீட்டர் .22 பிஸ்டலுக்கு மாறும் பிள்ளைகள், "அண்ணா, டிக்குன்னு சத்தம் மட்டும் வருது, வெடிக்கல" என்று வந்து நிற்பது வாடிக்கை. நாங்கள் அந்த வயதில் செய்த அதே கோளாறுகளைத்தான் இவர்களும் செய்கிறார்கள். பழைய தோட்டா, அழுக்கு பிஸ்டல் எல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். .22 தோட்டாவுக்கு அடிப்பக்க நடுவில் பிரைமர், அதாவது தீப்பற்ற வைக்கும் சின்ன மூடி, கிடையாது. அடிப்பக்கத்தைச் சுற்றியுள்ள ரிம்முக்குள், அதாவது விளிம்புக்குள்தான் தீப்பற்றும் மருந்து இருக்கிறது. தோட்டாவை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின், அந்த ரிம்மை சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) வாயின் ஓரத்தோடு வைத்து நசுக்கினால்தான் வெடிக்கும்.

காலி சேம்பரில் ட்ரை ஃபயர்

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தவறு இதுதான். ஏர் பிஸ்டலில் ட்ரை ஃபயர், அதாவது எதையும் ஏற்றாமல் டிரிகரை இழுத்துப் பழகுவது, தினசரிப் பயிற்சி. அதற்கென்றே அதில் தனி அமைப்பு இருக்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே .22-க்குக் கொண்டுவருகிறார்கள். உள்ளே தோட்டா இல்லையென்றால், பல பிஸ்டல்களில் ஃபயரிங் பின் நேராக சேம்பர் ஓரத்தில் போய் அடிக்கும். எஃகுதான், ஆனாலும் நாளடைவில் அங்கே ஒரு பள்ளம் விழும். பிறகு அந்த இடத்தில் ரிம்முக்குத் தாங்கல் இல்லை. நசுங்க வேண்டிய ரிம் பள்ளத்துக்குள் மடங்கிக்கொள்ளும். தோட்டாவில் குழி நன்றாகவே தெரியும், வெடிக்கத்தான் வெடிக்காது.

ஒரு கிளப் பிஸ்டலுக்கு இப்படி ஆனது. முதலில் தோட்டாவைக் குறை சொன்னார்கள், வேறு பிராண்ட் வந்தது. அப்புறம் அடிக்கு வலு தரும் மெயின் ஸ்பிரிங்கை மாற்றினார்கள், பின்னை மாற்றினார்கள். செலவு ஏறியதே தவிர மிஸ்ஃபயர் நிற்கவில்லை. கடைசியில் துப்பாக்கி பழுது பார்க்கும் கன்ஸ்மித் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தார். சேம்பர் வாயில், பின் விழும் இடத்தில், நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம். மாலையில் ரேஞ்ச் ஓய்ந்த பிறகு காலி பிஸ்டலில் 'டிரிகர் பழகிய' கைகள் எத்தனையோ! சிறிய பள்ளமென்றால் உலோகத்தைத் திரும்ப ஒதுக்கிச் சரிசெய்யும் கருவி உண்டு. பெரிதானால் பேரலையே மாற்ற வேண்டும். இரண்டும் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்தின் வேலை.

சில மாடல்களில் ஃபயரிங் பின் சேம்பர் ஓரத்தைத் தொடாதபடி தடுப்பு இருக்கும். ரூகர் மார்க் வரிசை பிஸ்டல்களில் அது ஒரு சின்னக் குறுக்கு ஊசிதான். கழற்றிப் பூட்டும்போது அதை விட்டுவிட்டால் பாதுகாப்பு போச்சு. ஆகவே உங்கள் மாடலின் கையேட்டில் ட்ரை ஃபயர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். அனுமதி இல்லையென்றால் ஸ்னாப் கேப், அதாவது மருந்தில்லாத டம்மி தோட்டா, போடுங்கள். சுட்ட காலிக் கூடும் ஆகும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அதைச் சற்றுத் திருப்பி வையுங்கள்.

வெடிக்காத தோட்டாவைப் பார்க்காமல் எறிவது

அதில்தான் பதில் இருக்கிறது. குழி மேலோட்டமாக இருந்தால் பின் அடித்த அடிக்கு வலு இல்லை: ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பின் தேய்ந்திருக்கலாம். முதல் அடிக்கு வெடிக்காமல், திருப்பாமல் அடித்த இரண்டாவது அடிக்கு வெடித்தால், தோட்டா முழுதாக உள்ளே உட்காரவில்லை என்று சந்தேகப்படுங்கள். முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துவிடும். தோட்டாவின் மெழுகும் கரியும் சேம்பரில் படிந்தால் இப்படி ஆகும். குழி ஆழமாக இருந்தும் வெடிக்காமல், திருப்பிப் போட்டதும் வெடித்தால், ரிம்மில் அந்த இடத்தில் மருந்து பரவாமல் இருந்திருக்கலாம். அது எப்போதாவது நடப்பதுதான். அடிக்கடி நடந்தால் சேம்பர் ஓரத்தைப் பாருங்கள்.

மெயின் ஸ்பிரிங்கை வெட்டுவது

டிரிகரை லேசாக்குகிறேன் என்று வெட்டாதீர்கள், அடியின் வலுதான் குறையும். 25 மீட்டர் ஸ்போர்ட் பிஸ்டலில் டிரிகர் எடை 1000 கிராமுக்குக் குறையவே கூடாது.

ஃபயரிங் பின் ஓடும் துளையில் எண்ணெய்

மருந்துக் கரியோடு சேர்ந்து பசையாகிப் பின்னை மெதுவாக்கும். துடைத்துக் காயவிடுங்கள், போதும்.

'டிக்' கேட்டதும் போல்ட்டை இழுப்பது

தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. பிஸ்டலை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி பொறுங்கள். போட்டியென்றால் பிடியை விடாமல் மறு கையை உயர்த்தி ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள். 'டப்' என்று மெலிந்த சத்தம் வந்திருந்தால், பேரலில் குண்டு சிக்கவில்லை என்று பார்க்காமல் அடுத்த ரவுண்டை ஏற்றாதீர்கள்.